இடது புறத்துப் புளியமரங்கள்

ஏலத்துக்கு அப்பா, அம்மா, நான் மூவரும் போயிருந்தோம். அக்கா வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பம், வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய சங்கிலியை முந்தின நாளே அடகு வைத்து முப்பதாயிரம் வாங்கியிருந்தோம். பங்குனியில் அவள் கைக்குழந்தையோடு புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்தச் சங்கிலி கழுத்தில் இருந்தாக வேண்டும். அவள் மாமியார் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்க்கிறவர்.

ஏலம் சாலையோரப் புளியமரங்களுக்கு. எங்கள் ஊர் முசரவாக்கத்தைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இரண்டு பக்கமும் பழைய புளியமரங்கள். மேலே கிளைகள் கைகோத்துக்கொண்டு நிற்கும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காரை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கத்து மரங்களில் ஒரு வருஷம் காய்ப்பது முழுக்க ஏலம் எடுத்தவருக்கு. முப்பதாயிரத்தையும் கட்டி எங்களுக்குக் கிடைத்த ரசீதில் இந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து இந்தக் கல் வரை, இடது புறம் என்று எழுதியிருந்தது. மரத்தில் வெள்ளை பெயிண்டில் போட்ட எண்கள் பட்டையோடு உரிந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஏலம் நடந்த அலுவலகத்து வாசலில் அப்பா ரசீதை என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“எடதுன்னா எந்தப் பக்கம்னு உள்ள ஒரு வார்த்தை கேட்டுக்கினு வாடா.”

“எடதுன்னா எடதுதான்பா. இதப் போயி யாராவது கேப்பாங்களா?”

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், இடது கை எது என்று மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் போய்க் கேட்பதா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பும் வழியில் அந்தச் சாலையைக் காட்டினேன். காஞ்சிபுரம் போகையில் இடது கைப்பக்கம் எதுவோ அது நம்முடையது என்றேன். அப்பா தலையாட்டினார்.

அன்று முதல் தினமும் கல்லூரி விட்டு வரும்போது அந்த மரங்களைப் பார்க்காமல் வீடு போனதில்லை. ஆடிக் காற்றில் பிஞ்சுகள் உதிர்ந்து தார்ச்சாலையே பழுப்பாகக் கிடக்கும். எங்கள் பக்கம் உதிர்ந்ததை மட்டும் கணக்குப் பார்த்து வருத்தப்படுவேன். புரட்டாசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் மின்கம்பிக்காகக் கிளை வெட்ட ஆட்கள் வந்தார்கள். கம்பி எதிர்ப்பக்கத்தில்தான் போகிறது. காயோடு கிளைகள் விழ விழ, நான் இந்தப் பக்கம் நின்று, வருகிற வண்டிகளை நிறுத்திக் கொடுத்தேன். அவர்களுக்கு டீ வாங்கி வந்ததும் நான்தான். நம் பக்கம் கம்பி இல்லையே என்ற சந்தோஷம்.

மார்கழியில் காலை எட்டு மணி வரைக்கும் பனி. மரங்கள் பாதிதான் தெரியும். அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் செங்காய் பறிக்க வருவார்கள். அம்மா விடமாட்டாள்.

“அந்தப் பக்கம் போயிப் பறிச்சிக்கோங்கமா. இது எங்களுது.”

“ஏன்மா, உங்க மரத்துப் புளி மட்டும் இனிக்குதா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் மடி நிறையப் பறித்தார்கள். எட்டாத கிளையைத் தொரட்டியால் வளைத்துக் கொடுத்தது அம்மாதான்.

மாசி பிறந்ததும் அப்பா மரமேறினார். இரண்டாவது மரத்தில் இருக்கும்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. காஞ்சிபுரத்துப் புளி மண்டிக்காரர், கூலியாட்களோடும் சாக்குகளோடும் இறங்கினார்.

“யாருபா அது, எம்மரத்துல ஏறிக்கினு?”

“எங்க மரம்ங்க. ரசீது இருக்குது,” என்றார் அப்பா மேலிருந்தே. “டேய், காட்டுடா.”

காட்டினேன். அவர் தன் ரசீதை எடுத்து என்னுடையதோடு சேர்த்துப் பிடித்தார். அதே கற்கள். அதில் வலது புறம் என்று இருந்தது.

“படிச்ச புள்ளதானே நீ? கிலோமீட்டர் கல்லு எங்கேர்ந்து ஆரம்பிக்குது?”

“காஞ்சிபுரத்துலேர்ந்து.”

“அப்ப காஞ்சிபுரத்துக்கு முதுகக் காட்டிக்கினு நில்லு. இப்ப எடது கையத் தூக்கு.”

சாலை நடுவில் திரும்பி நின்றேன். கையைத் தூக்கவில்லை. தூக்காமலே தெரிந்தது. கிளை வெட்டப்பட்டு, மிச்சமும் பறிக்கப்பட்டு, ஒரு பக்கம் மொட்டையாக நின்றவைதான் எங்கள் மரங்கள்.

எங்கள் ஊரில் போவது என்றால் காஞ்சிபுரம் போவதுதான். ஊருக்குத் திரும்பினால் அது வருவது. யாரும் அதை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அரசாங்கம் காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் கேட்கச் சொன்னார்.

அப்பா மெதுவாக இறங்கினார். மண்டிக்காரர் மரங்களை அண்ணாந்து பார்த்தார். ஒரு கிளைகூட முறியவில்லை.

“நல்லாத்தான் காவல் காத்துக்கினு இருந்திருக்கீங்க. நான் ஆள் வச்சிருந்தாலும் இப்பிடிப் பாத்திருக்கமாட்டான். காவல் கூலின்னு ரெண்டாயிரம் வாங்கிக்கோபா.”

“பிச்சையா போடறீங்க?” என்று அம்மா கத்தினாள். அப்பா பணத்தை வாங்கி மடித்துக்கொண்டார். எங்களுடைய உண்மையான மரங்களில் மூன்று நாள் உலுக்கியும் சில மூட்டைதான் தேறியது.

அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டாள்: “கேட்டிருந்தா உனக்கு என்னடா கொறஞ்சி போயிருக்கும்?”

பங்குனி முதல் வாரம் அப்பா கறவை மாட்டை ஐயம்பேட்டைக்காரர் ஒருவருக்கு விற்றார். அந்தப் பணத்தோடுதான் அடகுக் கடைக்குப் போனோம். அக்கா சங்கிலியோடு புகுந்த வீடு போனாள். வாசலில் ஆட்டோ ஏறும்போது அம்மா அதை எடுத்து ரவிக்கைக்கு வெளியே தெரியும்படி போட்டுவிட்டாள்.

நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி, எட்டு மாதம். மீட்கக் கொடுத்தது முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. அதில் புளி விற்ற ஐயாயிரத்து நானூறையும் காவல் கூலி இரண்டாயிரத்தையும் கழித்தால், நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீடு கொடுத்தது இருபத்தாறாயிரத்து இருநூறு ரூபாய்.