இடிக்கச் சொன்ன குடிசை

நெரெய்தாவின் நிலம் என்னுடையதற்கு அடுத்தது. அரசு அதை அவளுக்குக் கொடுத்தபோது முழுக்க மரபூ முள்காடு. எங்கள் கமகுவே மாகாணத்தில் சர்க்கரை ஆலைகளை மூடியபின், தரிசாய்க் கிடந்த கரும்பு வயல்களையெல்லாம் அந்த முள்தான் பிடித்துக்கொண்டது. ஆலையில் கணக்கு எழுதியவள், வேலை போனதும் கோடாலியைத் தூக்கினாள். பத்து வருஷம் உழுது கொள்ளலாம். நிலம் அரசுடையது, வீடு கட்டக் கூடாது என்பது நிபந்தனை.

அவளும் கணவன் ஒஸ்வால்தோவும் முள்ளை வெட்டிக் கரி சுட்டு விற்றார்கள். ஒரு ஜோடி எருது வாங்கினார்கள். மரவள்ளியும் தக்காளியும் தலைகாட்டின. ஆனால் குடியிருப்பு நகரத்தில். பொழுது சாய்ந்தால் சைக்கிளில் திரும்புவார்கள்; விடிந்து வந்தால் யாரோ கிழங்கைப் பிடுங்கிப் போயிருப்பார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, பனைப் பலகையில் ஒரு குடிசை போட்டு அங்கேயே தங்கினார்கள்.

நில அதிகாரி எவுசேபியோ வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தோழர்?"

"மண்வெட்டி வைக்கிற கொட்டகை" என்றாள் நெரெய்தா.

"மண்வெட்டி கட்டில்லயா தூங்குது?"

"அதுவும் பகல் பூரா உழைக்குதுல்ல."

அவர் சிரிக்கவில்லை. "பிரிச்சிடுங்க. இல்லாட்டி நிலத்தைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

"பயிர் வைங்க, பயிர் வைங்கன்னு ரேடியோல தினம் கத்துறீங்க. வச்சதைக் காக்க ஒரு கூரை ஆகாதா?"

"சட்டம் போடறது நானில்லக்கா."

பிரித்தார்கள். நானும் கை கொடுத்தேன். நெரெய்தா ஆணி பிடுங்கிய வேகத்தில் பலகைகள் பிளந்தன.

அந்த மாதமே எருதுகள் திருட்டுப் போயின. வாய்க்கால் பள்ளத்தில் தலைகளும் தோலும் மட்டும் கிடந்தன. புகார் கொடுக்கப் போனவளிடம், மாட்டை ஏன் காவல் காக்கவில்லை என்று கேட்டு அவளுக்கே அபராதம் போட்டார்கள்.

"எங்க படுத்துக் காக்கறது, மரத்துமேலயா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஒஸ்வால்தோ நகரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டப் போய்விட்டான். "உன் நிலத்தோட நீயே மல்லுக்கட்டு" என்றானாம். ராத்திரி ஒரே வீட்டில்தான் சாப்பிட்டார்கள், பேச்சு குறைந்துபோனது. அவள் தனியாக மண்வெட்டியால் கொத்தினாள். பாதி நிலத்தில் முள் மறுபடி துளிர்த்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சட்டம் மாறியது. எவுசேபியோவே சிரித்த முகமாய் வந்தார்.

"நல்ல சேதிக்கா. இப்ப வீடு கட்டிக்கலாம்."

நெரெய்தா கொத்துவதை நிறுத்தவில்லை. "மாடு?"

"அது வேற இலாகா."

"பத்து வருஷம் முடிஞ்சா வீடு யாருக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீட்டிப்பாங்கன்னு நினைக்கிறேன். இன்னும் தெளிவா சொல்லல."

"தெளிவானதும் வாங்க. அதுவரைக்கும் அந்த வரிசைல நிக்காதீங்க, நாத்து மிதிபடுது."

அவர் போனபின் என்னிடம் வந்து, சிமெண்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அந்த வருஷம் சிமெண்ட் கிடைக்கவில்லை. அவள் இன்னும் சைக்கிளில்தான் வந்து போகிறாள்.