அறுபத்து மூன்று லிங்குகள்

லினக்ஸ் கெர்னல் படிக்க எது நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு வாயெல்லாம் பல். கேம்பஸ் காலத்திலிருந்து சேர்த்து வைத்த லிங்குகள் நாயன்மார் கணக்கில் அறுபத்து மூன்று இருந்தன. சேர்த்தேனே தவிர எதையும் படித்ததில்லை. சேர்த்ததையே படித்ததாக நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு.

பிலிமத்தலாவையில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், என் லெப்டொப்பை இரண்டு தடவை பிழைக்க வைத்தவர், ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“தம்பி, கண்டியில ஒரு கம்பெனியில டிரைவர் எழுதுற வேலைக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம். சேர்டிபிகேட் கேக்கலயாம், டெஸ்ட் மட்டுந்தானாம். கெர்னல் படிக்க நல்லதா ஒன்னு சொல்லுங்க.”

கம்ப்யூட்டரின் எல்லா வேலைகளையும் நடத்தும் மைய நிரல் கெர்னல்; பிரிண்டர், கெமரா போன்றவற்றை அதற்குப் புரிய வைக்கும் நிரல்தான் டிரைவர். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவருக்கு, நாற்பத்திரண்டு வயதில், அப்படியொரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது. அது எனக்கும் தெரியும்.

அவர் கேட்டது ஒன்று. நான் அறுபத்து மூன்றையும் அனுப்பினேன். அதோடு நின்றேனா? “முதலாவதா இருக்கிற புத்தகத்த முடிச்சாலே போதும்ணே” என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வேறு. அந்தப் புத்தகத்தின் அட்டையைத் தாண்டி நான் போனதே இல்லை.

அவர் அதைப் பேராதனையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கலஹா பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலுள்ள உதாரணங்களை ஒவ்வொன்றாக டைப் செய்தார். ஒன்றுகூட கம்பைல் ஆகி ஓடவில்லை. வந்த எரர்களையெல்லாம் கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, மூன்று தடவை போனில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

“எங்கயாச்சும் டைப் பண்ணுறதுல பிழை விட்டிருப்பீங்கண்ணே. திரும்பப் பாருங்க.”

மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

டெஸ்டுக்கு அவர் போகவில்லை. “நமக்கு மூளை பத்தாது தம்பி, விடுங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு உறுத்தியதால்தான் புத்தகத்தை முதன்முறையாகத் திறந்தேன். எந்தக் காலத்துக் கெர்னலுக்காக எழுதியது என்று முன்னுரையிலேயே போட்டிருந்தது. மிகப் பழையது. அதில் வரும் ஃபங்ஷன்கள் பல இப்போது கெர்னலிலேயே இல்லை; எவ்வளவு சரியாக டைப் செய்தாலும் கம்பைல் ஆகாது. இன்றைய கெர்னலை எழுதுகிறவர்களே அதற்கான விளக்கங்களையும் எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதன் லிங்க் என் பட்டியலில் ஐம்பத்தெட்டாவதாக இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், படிக்காமலே கொடுத்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“அப்போ நான் டைப் பண்ணுனதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சா தம்பி?”

“சரிதாண்ணே” என்றேன். அதையும் நான் பார்த்திருக்கவில்லை.