நடுவில் தொடங்கும் கால்தடம்

நான் வேலை பார்க்கும் மைதானத்தில் நீளம் தாண்டும் மணல் குழி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் அதை ரேக் என்கிற பல் வைத்த மண்வாரியால் இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்த விடுமுறையில் மட்டும், காலையில் வந்து பார்த்தால் குழியின் நடுவில் இரண்டு குதிகால் தடம் இருக்கும். அதற்கு முன்னால் எதுவும் இருக்காது. ஓரத்திலிருந்து நடந்து வந்த அடையாளமே இல்லை. யாரோ மேலிருந்து இறங்கி, ஒரு கையை மணலில் ஊன்றி எழுந்து, அந்தப் பக்கமாக நடந்து போன மாதிரி இருக்கும். நீளம் தாண்டினால் தடம் அப்படித்தான் விழும். என் பெண்ணே தாண்டுகிறவள், எனக்குத் தெரியாதா? ஆனால் பனிமூட்டத்தில், ஆளே இல்லாத இடத்தில் அதைப் பார்க்கும்போது புத்திக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரிவதில்லை. கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும்.

தரணி, கதிர், உங்கள் இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் ஷூவுமாக அலைகிற பிள்ளைகள் யார் படித்தாலும் சரி. அப்பா பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பாரிஸுக்கு வெளியே இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் டிசம்பர் கடைசியில் வகான்ஸ் விட்டுவிடுவார்கள். நம் புதுச்சேரியில் பெரியவர்கள் சிலர் இன்னும் லீவை அப்படித்தான் சொல்வார்கள். காலேஜ் லீவு விட்டாலும் நம் ஊரில் வாசலில் நாலு பேர் நிற்பார்கள், டீக்கடை இருக்கும், நாய் படுத்திருக்கும். இங்கே ஒரே நாளில் ஊரையே வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிடுவார்கள். காபி மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். தாழ்வாரத்தில் நான் நடக்க நடக்க முன்னால் விளக்கு எரியும், நான் தாண்டியதும் பின்னால் ஒவ்வொன்றாக அணையும். ஒருநாள் நான் போகாத தாழ்வாரத்தில் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி வந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

வந்தது ஒரு பெண். தோளில் பை, கையில் ஆணி ஷூ. தடத்துக்குச் சொந்தக்காரி. என் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "வகான்ஸ்?" லீவுக்கு வீட்டுக்குப் போகலையாம்மா என்று கேட்க நினைத்தேன். மூடியாச்சு, வெளியே போ என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். "பார்தோன், மெசியே", மன்னிக்கணும் ஐயா, என்று முகம் சுருங்கிப் போய்விட்டாள். மறுநாள் மணலில் தடம் இல்லை. தடம் இருந்தபோது பயந்தவன், இல்லாதபோது அதைவிட அதிகமாகக் கலங்கினேன். அன்று சாயங்காலம் விடுதிப் பக்கத்துச் சின்னக் கதவை நன்றாகத் திறந்து வைத்து, ரேக்கைக் குழி ஓரத்திலேயே சாத்திவிட்டு வந்தேன். மறுநாள் தடம் இருந்தது. பக்கத்தில் அவளே இழுத்துவிட முயன்ற கோடும் இருந்தது.

அவள் பேர் கமீல். அடுத்த தடவை பார்த்தபோது போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அவள் சொன்னது இதுதான். போட்டி ஜனவரியில், அதே நாளில் பரிட்சை. போட்டிக்குப் போகிறவள் என்பதால் பரிட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மார்ச்சில் அவளுக்கு மட்டும் தனி ஹால், ஒரே ஒரு பெஞ்சு. லீவு முடிகிறவரை விடுதியின் ஒரு மாடி முழுக்க அவள் ஒருத்திதான். பரிட்சையே நகர்ந்து வழிவிடுகிற தேசம் என்று ஆச்சரியப்பட்டேன். அந்த மாடியின் இருட்டு ஜன்னல்களைப் பார்த்த பிறகு பொறாமைப்பட முடியவில்லை.

நம் தரணிக்குப் போன வருஷமும் இதே மோதல்தான். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கிற தடகள மீட் ஒரு பக்கம், செமஸ்டர் பரிட்சை ஒரு பக்கம், இரண்டும் ஒரே காலை. பி.டி. மாஸ்டர், "ரெண்டு தேதியும் நான் போடலியேம்மா" என்றார். ஆபீசில், "காலண்டர் ஜூன்லயே அடிச்சாச்சு" என்றார்கள். அவள் பரிட்சை எழுதினாள். மீட்டுக்குப் போயிருந்த அவள் தோழி நந்தினி வந்து சொன்னாளாம்: "மூணு தபா உன் பேர மைக்ல கூப்டாங்கடி. ஓடுற பாதை காலியா கிடக்குது, எல்லாரும் அதையே பாக்குறாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அன்று ராத்திரி தரணி என்னிடம் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எழுதிக்கினே இருந்தேம்ப்பா. யாரோ பேர கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. எழுந்து நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"மேடம் வந்து அடிஷனல் ஷீட் குடுத்துட்டுப் போனாங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷமும் அதே கதை. ஆனால் இது அவளுக்குக் கடைசி வருஷம். பரிட்சைக்குப் போகாவிட்டால் அரியர் நிற்கும், அரியர் நின்றால் காலேஜுக்கு வருகிற கம்பெனி வேலைக்குக் கூப்பிடாது. மீட்டுக்குப் போகாவிட்டால் இனிமேல் மீட்டே இல்லை. பெரிய மார்க்கெட்டில் நம் பூக்கடை முன்னால் நின்றபடி அம்மாவும் மகளும் எனக்கு வீடியோ போட்டார்கள்.

"ஏங்க, நீங்களே சொல்லுங்க. மண்ணுல குதிச்சா சோறு வந்துடுமா?" என்றாள் அமுதா.

"அரியர் அடுத்த தபா எழுதிக்கலாம்மா. மீட்ட அப்படி எழுதிக்க முடியுமா?"

"வாய் மட்டும் நல்லா தாண்டுது உனக்கு."

"இன்னாப்பா பண்றது?" என்று தரணி என்னைப் பார்த்தாள். பின்னால் பக்கத்துக் கடைப் பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டே, "போவட்டும் உடு அமுதா" என்றார். எனக்கு அந்தக் காலிப் பாதைதான் கண்முன்னால் வந்தது. இன்னொரு தடவை என் பிள்ளை பேரை ஆளில்லாத பாதையில் கூப்பிட விடக்கூடாது என்று தோன்றியது. "போ கண்ணு. அந்த வேலை போனா போகட்டும், நான் இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கேன்" என்றேன். அமுதா பூவை எடுத்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். நான் ஊருக்குத் திரும்புகிற நாளும் சேர்ந்து தள்ளிப்போனது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. இங்கே விடிந்திருக்கவில்லை. கமீலும் தன் போட்டிக்குப் போய்விட்டிருந்தாள். சாமான் அறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். யாரும் இல்லை. வெளியே போனேன். முந்தின நாள் நான் இழுத்துவிட்டது இழுத்துவிட்டபடி, பனி படிந்து கிடந்தது மணல். அதன் ஓரத்தில் நின்றேன். சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது, அந்த மணலில் தடம் விழும் என்று நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் வந்தபோது போன் அதிர்ந்தது. "ஃபைனல் போயிட்டேம்ப்பா. நந்தினி இந்த வாட்டி பரிச்ச எழுத நின்னுட்டா. என் பெஞ்சு காலியா இருந்துச்சாம், மேடம் ரெண்டு தபா என் நம்பர கூப்டாங்களாம்." கூடவே ஒரு படம். அவள் முகம் இல்லை அதில். வெறும் மணல், நடுவில் தொடங்குகிற இரண்டு குதிகால், ஒரு கை.

அந்தப் படத்தையும் என் எதிரே இருந்த குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அங்கே தடம் இருந்தது, ஆள் இல்லை. இங்கே ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன், தடம் இல்லை. சமன் செய்ய அன்று ஒன்றுமே இல்லை. இருந்தாலும் ரேக்கை எடுத்து ஒரு தடவை இழுத்தேன்.