காம்பரா ஆயாவின் கடைசிப் பிள்ளை

கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கணவர்தான் எடுத்தார். கேட்டுவிட்டு அதை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் முதியோர் இல்லத்துக் குசுமா. "அக்கே, அம்மா நெதி உணா" என்றாள் சிங்களத்தில். அம்மா போய்விட்டார். காலைத் தேநீரைக் குடித்து, கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாராம். அவ்வளவுதான். எதிரே நின்றவருக்கு மீதிச் சீனியையும் நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நான் அழுதேன். கையில் எடுத்த வேலையைப் பாதியில் போடுவது அம்மாவுக்கு ஆகாது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டத்தில் அம்மாவை இராமாயி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காம்பரா ஆயா என்றால்தான் தெரியும். தாய்மார் விடியற்காலையில் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை அவர்தான் பல காலம் பார்த்துக்கொண்டார். தோட்டத்தாருக்காகவே இதை எழுதுகிறேன்; வாசிக்கும் உங்களில் பலர் அவர் கட்டிய சேலைத்தொட்டிலில் தூங்கியவர்கள். சிலர் அதை நாள் தவறாமல் நனைத்தவர்கள். யார் யாரென்று அம்மா சொல்லியிருக்கிறார். பயப்பட வேண்டாம், எழுத மாட்டேன்.

அந்தக் காம்பராவின் சட்டங்கள் உங்கள் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே ஓடிவருகிறவள் வெளிக்குழாயில் கையைக் கழுவி, வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் காட்ட வேண்டும். றப்பர் பால் ஒட்டிய கையில் பிள்ளை கிடைக்காது. ஆண்கள் கையிலும் கிடைக்காது. சம்பளத்தன்று ஒரு தகப்பன் தள்ளாடி வந்து பிள்ளையைக் கேட்டதிலிருந்து வந்த சட்டம் அது. "பெத்தவ வரட்டும், குடுக்கிறேன். தொரையே வந்தாலும் அதான்" என்பார். கடைசிப் பிள்ளை போகும்வரை அவர் சோற்றைத் தொட்டதில்லை. நானும் அங்கேதான் வளர்ந்தேன். ஆனால் என்னைக் கேட்டு யாரும் வாசலுக்கு வருவதில்லை. எல்லாரும் போன பிறகு அம்மா சட்டியைத் திறந்து சோறு பிசைவார். முதல் உருண்டை எனக்கு.

கருமாதிக்கு வந்த இடத்தில், பெற்ற தாயை ஏன் இல்லத்தில் விட்டாய் என்று இரண்டொருவர் கேட்டார்கள். கேட்காதவர்கள் முற்றத்துக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் விட்டேன். சரியாகத்தான் செய்தேன்.

தோட்டத்தை விட்டு எங்களோடு பஜாருக்கு வந்த சில வருடங்களில் அம்மாவுக்கு மறதி பிடித்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு வீட்டை மறந்தார், பிறகு என்னை. காம்பரா மட்டும் மறக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சமிலா குழந்தையைத் திண்ணைப் பாயில் கிடத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். அம்மா பார்த்தார். தோட்டத்துக் காலைப் பிரட்டில் பேர் கொடுக்க நேரமாகிப் போய்ப் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே தேடியது. நான் கடையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், எங்கள் பின்னறையில் என் கல்யாணச் சேலையில் தொட்டில். குளித்து, பவுடர் பூசி, கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டு, பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. தகப்பன் வந்து கை நீட்டினான். அம்மா நல்ல சிங்களத்தில் அவனை விரட்டினார்: போய்ப் பெண்டாட்டியை அனுப்பு, கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்!

அன்று சிரித்தோம். ஆனால் சமிலா அடுத்த நாள் வந்து, "அக்கே, அம்மா மேல கோவம் இல்ல. ஆனா எனக்கு இனி தண்ணிக்குப் போக பயமா இருக்கு" என்றாள். அவள் சொன்னது நியாயம். என் கணவர் கடையில், நான் கடைக்கும் அடுப்புக்கும் நடுவில், மகனுக்குப் பரீட்சை. அம்மாவைப் பூட்டிவைக்க எனக்கு மனமில்லை. கேகாலைப் பாதையிலிருந்த இல்லத்தில் கதவுகள் திறந்திருந்தன. சுற்றி மதில் இருந்தது. பெரிய மாமரமும் இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சேர்ந்த மறுவாரமே குசுமா அழைத்தாள். இல்லத்தில் யாருடைய தலைதுவட்டும் துவாயும் காணவில்லை. எல்லாம் அம்மாவின் கட்டிலில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கைக்குழந்தை அளவுக்குச் சுருட்டி, முகம் மூடாமல் வரிசையாகப் படுக்கவைத்திருக்கிறார். அது வேடிக்கை. வேடிக்கையில்லாத செய்தியையும் அவளே சொன்னாள். அம்மா சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் தள்ளிவிட்டு வாசலையே பார்க்கிறார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் விட வேண்டிவரும் என்று மேட்ரன் சொல்கிறார்.

அன்றே பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் அம்மா பாதியாகியிருந்தார். ஊட்டப் பார்த்தேன். "புள்ளைங்க இருக்காங்க, சோறு எப்பிடி எறங்கும்?" என்றார். குசுமா ஒரு துவாயை எடுக்கப் போனாள். கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே ஓடினேன். குழாயில் கையைக் கழுவினேன். ஈரம் சொட்ட வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, அந்தக் காலத்தில் பிள்ளை விட்டுப்போன ஒரு தாயின் பேரைச் சொல்லி, "ஆயா, முத்தம்மா வந்திருக்கேன். எம்புள்ளய குடுங்க" என்றேன்.

அம்மா எழுந்து வந்தார். என் கையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ஒரு துவாயைத் தூக்கி என் தோளில் சாய்த்து, "ராத்திரி இருமுனான்னு சொன்னியே, இப்ப பரவால்ல. காத்துல கொண்டுபோவாத" என்றார். நான் அதைக் குசுமாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனேன். கமலமாக வந்தேன், பாக்கியமாக வந்தேன். கட்டில் காலியானதும் அம்மா பெருமூச்சு விட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து சேலைத் தலைப்பு நனைய அழுதேன்.

அதன்பிறகு அந்த இல்லத்தில் பகல் சாப்பாட்டுக்கு முன்னே ஒரு வரிசை நின்றது. குசுமா, "ஆயா, மகே புள்ளய குடுங்க" என்று பாதிச் சிங்களத்தில் கேட்கப் பழகினாள். அங்கிருந்த பெண்களெல்லாம் கை கழுவி நின்று தங்கள் துவாயை வாங்கிப் போனார்கள். ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் மட்டும் ஆணாகப் பிறந்த குற்றத்துக்காகத் தினமும் ஒரு பெண்ணைக் கெஞ்சி அனுப்ப வேண்டியிருந்தது. அம்மாவின் உடம்பு தேறியது. கன்னம் நிரம்பியது.

நான் சந்தை நாள் தவிர்த்து வாரத்தில் இரண்டு தடவை போவேன். இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு, மகன் வகுப்பு முடிந்து வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தோடு. அம்மாவுக்கு நான் முத்தம்மாதான். புருஷன் தேடுவார் என்று ஒருநாள் பரபரத்தபோது, "பசிச்சா அந்தாளே சட்டியத் தொறப்பாரு, நீ குந்து" என்றார். இன்றும் கடையில் என் கணவர் கூப்பிடும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து சிரித்துக்கொள்கிறேன்.

சிரித்தாலும் உள்ளே ஒன்று அறுத்துக்கொண்டேயிருந்தது. ஊரிலுள்ள எல்லாத் தாய்மாரும் அவர் நினைவில் இருந்தார்கள். நான் இருந்தேனா? ஒரு தடவையாவது செல்வி என்ற என் பேரை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

போன மாரிகாலத்தில் ஒருநாள் போனபோது எல்லாத் துவாயும் போய், மஞ்சள் துவாய் ஒன்று மட்டும் கட்டிலில் கிடந்தது. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. குசுமா கேட்டும் கிடைக்கவில்லையாம். நான் கையைக் கழுவி வந்து நின்றேன். முத்தம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"ஆயா, செல்வியோட அம்மா வந்திருக்கேன். செல்விய குடுங்க" என்றேன்.

அம்மா என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் கண்டதில்லை.

"யாரும்மா நீங்க? செல்விக்கு அம்மா நான்தானே. அவள கேட்டு யாரும் வரமாட்டாங்க. யாரு கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். அவ எங்கூடதான் வீட்டுக்கு வருவா."

துவாயை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனார். சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையைத் துவாயின் அருகே கொண்டுபோனார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் போயிருந்தது. "தூரத்துல இருந்து வந்திருக்கீங்க போல. நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அவர் தட்டிலிருந்தே சாப்பிட்டேன். அம்மா என்னை மறந்துவிட்டார் என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய பொருட்களை வாங்க இல்லத்துக்குப் போனேன். இரண்டு சேலை, ஒரு சீப்பு, திருநீற்று டப்பா. எல்லாவற்றையும் குசுமா பையில் போட்டிருந்தாள். மஞ்சள் துவாயை மட்டும் மடிக்காமல், சுருட்டியபடியே தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு பக்கமும் காட்டினேன். அவள் பார்த்தாள். பிறகுதான் தந்தாள்.

அது என் அலுமாரியில் இருக்கிறது. சுருட்டியதை அவிழ்க்கவில்லை. அம்மா யாருக்கும் கொடுக்க மறுத்த பிள்ளை அது.