அழிக்கக் கொண்டுபோன கேசட்

என் மாமா கப்பல் சமையலறையில் ஒரு வருடம் பாத்திரம் கழுவிவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்தவை மூன்று: ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கேசட், தலைமுடியை வெட்டமாட்டேன் என்ற பிடிவாதம். பிடிவாதத்தை அம்மா இரண்டே நாளில் தீர்த்துவைத்தாள். கேசட்டின் முறை ஆடி மாதத்தில் வந்தது.

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் எங்கள் பசியாவரத்தில் கோயில் திருவிழா நெருங்கியது. பொறுப்பு நைனாவுடையது, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தக் கேசட்டில் இருப்பதை அழித்துவிட்டு, பழவேற்காட்டு ரெக்கார்டிங் கடையில் அம்மன் பாட்டுகளைப் பதிந்து வரச் சொன்னார். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. கூட வேலைசெய்த ஜமைக்காக்காரர், பிரியும்போது மாமா கையில் வைத்து அழுத்திய கேசட் அது.

“ரெகேன்னு பேரு. உலகமே கொண்டாடற பாட்டு.”

“உலகத்துக்குத் திருவிழா நம்ம ஊர்லயா?” என்றார் நைனா.

கடைசியில் ஓர் உடன்பாடு. மாமாவின் கூட்டாளிகள் மூவரும் முழுசாகக் கேட்க வேண்டும். ஒருவராவது நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் கேசட் பிழைத்தது.

வலை காயப்போடும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். இறால் வியாபாரம் செய்யும் பாய் முதல் பாட்டிலேயே கையைத் தூக்கினார். “கட்ட வீக்குப்பா. பாட்டு இழுக்குது.” தன் டார்ச்சைத் திறந்து புதுப் பேட்டரிக் கட்டைகளை எடுத்துப் போட்டார். பாட்டு முன்போலவே இழுத்தது. தன் கட்டைகளைத் திரும்ப டார்ச்சுக்கே மாற்றிக்கொண்டார்.

ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு வேறு கவலை. “தாளம் போடறவன் தூங்கித் தூங்கி எழுந்து அடிக்கிறான். எங்க கம்பெனியா இருந்தா சீட்டக் கிழிச்சிருப்பாங்க. ஆமா, இன்னா பாடறான்?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “கஷ்டத்தப் பாடறான்.”

“இன்னா கஷ்டம்? மீன் இல்லியா?”

“எல்லாக் கஷ்டமும்தான்டா.”

“அப்புறம் எதுக்கு நமக்கு இடுப்பு ஆடுது?”

மூன்றாமவர் கழி ஊன்றிப் படகு தள்ளுவதில் பேர்போனவர். கேசட்டின் இரண்டு பக்கமும் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. மாமா அவரையே நம்பியிருந்தார்.

“டேய், வலை இழுக்கறப்போ ஒருத்தன் மட்டும் லேட்டா இழுத்தான்னா இன்னா பண்ணுவோம்?”

“இன்னா பண்ணுவோம்?”

“ஒதைப்போம்.”

தீர்ப்பு முடிந்தது.

மறுநாள் காலை நால்வரும் படகில் கிளம்பினார்கள். எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டியிருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்று மாமா கேசட்டைப் போட்டார். யாரும் தடுக்கவில்லை; தூக்குத் தண்டனைக் கைதிக்குக் காட்டும் மரியாதை.

சற்று நேரத்தில் படகு வழக்கம்போல் போகவில்லை என்று தோன்றியது. கழி தாளத்தோடு விழாமல், தாளம் விழுந்த மறுகணம் விழுந்தது. படகு ஒரு நொடி தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. பாய் படகு விளிம்பில் விரலால் தட்டினார். ஐஸ் அண்ணன் தொண்டைக்குள் ‘தும் தும்’ என்றார். நடு ஏரியில் பாட்டு தேய்ந்து, முனகி, நின்றது. கட்டை நிஜமாகவே தீர்ந்துவிட்டது. கழி மட்டும் அதே மாதிரி, மறுகணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பழவேற்காட்டுத் துறை வந்தது. ரெக்கார்டிங் கடையின் சினிமாப் பாட்டு தண்ணீர்வரை கேட்டது. கழிக்காரர் கடையைப் பார்த்தார். மடியில் டேப்போடு கண்ணை மூடியிருந்த மாமாவைப் பார்த்தார். பிறகு கழியை மறுபக்கம் ஊன்றிப் படகைத் திருப்பிவிட்டார். என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஒருவர் நினைவிலும் இல்லை.

“கட பூட்டிக் கெடந்துச்சுண்ணா” என்றார் பாய், நைனாவிடம்.

“இல்ல நைனா, தொறந்துதான் இருந்துச்சு. இவங்கதான் எறங்கல” என்றேன்.

நைனா நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் எறங்கல?”

கழிக்காரர்தான் சொன்னார்: “பாட்டு முடியலண்ணா.”

தவறான தகவலை நான் விட்டுவைப்பதில்லை. “கட்ட நடு ஏரியிலயே தீந்துபோச்சு நைனா. பாட்டு அப்பவே நின்னுடுச்சு.”

நைனா சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “சரி, இந்த வருஷம் மேளமே போதும்” என்று எழுந்துபோனார்.

சரியாகச் சொன்ன என்னைப் பார்த்து எதற்குச் சிரித்தார்கள், நின்றுபோன பாட்டு எப்படி முடியாமல் இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்தேன். விளங்கவில்லை.