நுனி ஒடிந்தால் லாபம்: ரெம்பியா வெண்டைத் தோட்டத்துக்கு ஒரு பயணம்

போன மாதம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த இழப்பீட்டில் ரெம்பியா பக்கம் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, சொட்டுநீர் போட்டு வெண்டை பயிரிடத் துடித்துக்கொண்டிருந்தேன். நிலத்துக்காரர் சனிக்கிழமை மாலைக்குள் பதில் கேட்டார். அன்று காலையே, அங்கே அரை ஏக்கர் வெண்டை போட்டிருக்கும் செல்வி அக்காவைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

சிரம்பானில் ஏழு மணி ரயில், புலாவ் செபாங்கில் ஏழு ஐம்பதுக்கு இறக்கிவிட்டது. அங்கிருந்து இருபது கிலோமீட்டர், டாக்சிக்கு முப்பது ரிங்கிட். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டுநர் அண்ணன் சிரித்துவிட்டார்.

“இங்க மழையா கொட்டுது, நீங்க தண்ணிக்குக் காசு போடுறீங்களா? ஏன் லா?”

அதையே அக்காவிடம் கேட்டேன். ஒரு காயைப் பறித்து நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது.

“பாசார்ல நம்ம ஆளுங்க இப்படித்தான் ஒடிச்சுப் பார்ப்பாங்க. வளைஞ்சா வச்சிட்டுப் போயிடுவாங்க. ஒரு தடவ, மழை வரும்னு நம்பி பம்பு எண்ணெய்ய மிச்சம் புடிச்சேன். பத்து நாள் காஞ்சிருச்சு. கூடை கூடையா நாரு, தம்பி! அத்தனையும் ஆட்டுக்குப் போட்டேன்.”

இப்போது செலவு போக மாதம் இரண்டாயிரம் நிற்கிறதாம். அடேயப்பா! ஒரு ஏக்கருக்கு நாலாயிரம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு கூடை அறுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. சுணை பட்டுக் கையெல்லாம் அரிப்பு, அறுத்ததில் பாதி முற்றல்.

“ஒரு நாள் விட்டா முத்திரும். நானும் வீட்டுக்காரரும் விடிஞ்சதும் இறங்கிடுவோம். தீபாவளிக்கும் லீவு இல்ல.”

“கூலி எவ்வளவுக்கா?”

“நமக்கு நாமே யாரு கூலி குடுக்கிறது லா!”

இதே எண்ணத்தில் போகிறவர்கள் காலை ரயிலிலேயே போங்கள், பத்து மணிக்கு அறுப்பு முடிந்துவிடும். முழுக்கைச் சட்டை கட்டாயம். திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம், அதனால் டாக்சிக்காரரின் எண்ணை வாங்கி வையுங்கள். தண்ணீரைக் குறைக்காதவனுக்கு லாபம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பும் ரயிலில் மனைவிக்குப் போன் போட்டேன்.

“அரை ஏக்கர் போதும்மா. நீயும் நானும் தினம் அறுத்தா மாசம் ரெண்டாயிரம் நிக்கும்.”

“அப்ப நான் கிளினிக் வேலைய விடணுமா? அங்கயே எனக்கு ரெண்டாயிரம் தர்றாங்களே!”

நோட்டைப் புரட்டினேன். அவள் சம்பளம் எந்தப் பக்கத்திலும் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. உடனே நிலத்துக்காரரை அழைத்தேன்.

“கால் ஏக்கர் மட்டும் குடுங்க, அண்ணே. அறுக்கப் போறது நான் ஒருத்தன்தான்.”