கட்டம் கட்டமாகத் தமிழ்

நிழலில் உட்கார்ந்து படிக்கிற உத்தியோகம் என்று நம்பி நூலகர் ஆனவன் நான். உங்களில் எத்தனை பேர் இப்படி ஏமாந்தீர்களோ! ராசிபுரத்துக்காரனான என்னைக் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக் கிளைக்கு மாற்றியபோது நடந்தவை இவை. அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு 'நாடு' என்று பேர்.

கரையான் முந்திக்கொண்டது

மழை பிடித்தால் அலமாரிக்குள்ளேயே புத்தகங்கள் ஊறிப் பருத்துவிடும். வெயில் தலைகாட்டினால் வாசலில் பரப்பிக் காயவைப்பேன். அப்படிக் காய்ந்த ஒரு துப்பறியும் நாவலை, குண்டூர் நாட்டில் மிளகு பயிரிடும் பழனியம்மாள் எடுத்துப் போனார். மறுவாரம் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"ஏனுங்க சார், கடைசி அத்தியாயத்தைக் கரையான் படிச்சிருச்சுங்க. கொலகாரன் யாருன்னு அதுகிட்டத்தான் கேக்கோணும்."

பலகை வந்தது

வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எங்கள் கிளைக்கு இ-ரீடர் ஒன்றை நன்கொடையாக அனுப்பினார். சிலேட்டு மாதிரி இருந்த அந்த ஒரு பலகைக்குள் ஆயிரம் புத்தகம் அடங்குமாம். அதைக் காரணம் காட்டி, எங்களுக்கு வரவேண்டிய புதுப் புத்தகங்களை மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆசையாகத் தமிழ்க் கதை ஒன்றை ஏற்றித் திறந்தேன். பக்கம் முழுக்க எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். ஆங்கிலம் மட்டும் பளிச்சென்று வந்தது. மேலதிகாரிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

"கட்டம் தெளிவாத் தெரியுதில்ல? அப்ப மிஷின்ல கோளாறு இல்ல, வெச்சுக்குங்க."

ரயில் ஏறினாளா?

ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே வாசகி ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஜெபமணி, நாகர்கோவில்காரர். ஒரு காதல் கதையோடு பலகையை வாங்கிப் போனார். மழையில் கம்பம் சாய்ந்து மின்சாரம் போனது, சார்ஜும் தீர்ந்தது. ஒரு வாரம் கழித்து, கறுத்த திரையோடு வந்து நின்றார்.

"சார், அந்தப் பொண்ணு பிளாட்பாரத்துலயே நிக்கா. எனக்கு வேலையே ஓடல."

பெரிய எழுத்து

பெரக்கரை நாட்டிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார் சின்னசாமி. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. பூதக்கண்ணாடிக்கும் எழுத்து பிடிபடாமல் போக, ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பலகையை எடுத்து, பொத்தானை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கி அவர் மடியில் வைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு கட்டமாக விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத் தெரியுதுங்க சாமி. இது என்ன பாஷைங்க?"

காகிதமா கருவியா என்று கீழே சமவெளியில் பட்டிமன்றம் நடத்துகிறார்கள்; இரண்டும் கைவிட்ட பிறகும் எங்கள் வாசகர்கள் பஸ் பிடித்து வந்துகொண்டே இருக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.